கிரீன் கார்டு வரிசையும் காங்கிரஸின் மெத்தனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்களும், ஊரில் இருந்துகொண்டு அவர்களை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பாதிக் கேள்விகள் ஆதங்கத்தில் கேட்கப்பட்டவை. அந்த ஆதங்கம் நியாயமானது. எந்த ஓட்டால், எந்த விதியால் காரியம் நின்றது என்று தெரிந்தால் அதை உருப்படியாகப் பயன்படுத்தலாம்.

"காங்கிரஸ்" என்று இங்கே சொல்வது நம் ஊர்க் கட்சியை அல்ல, அமெரிக்க நாடாளுமன்றத்தை. 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையும் 100 பேர் கொண்ட செனட்டும் சேர்ந்தது அது. இங்கே இருப்பது பொது விளக்கம். உங்கள் சொந்த விவகாரத்துக்குக் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பிரெசிடெண்ட் நினைச்சா ஒரே கையெழுத்துல முடிச்சிட முடியாதா? எதுக்கு காங்கிரஸைத் திட்டணும்?

சிலவற்றை முடிக்கலாம், முக்கியமானதை முடியாது. குடியேற்றக் காரியம் நான்கு இடங்களில் மாட்டும். முதலாவது, சட்டத்திலேயே எழுதிய எண்ணும் தேதியும். ஆண்டுக்கு எத்தனை கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி), ஒரு நாட்டுக்கு எத்தனை சதவீதம் என்பதெல்லாம் இதில் வரும். இதை மாற்ற காங்கிரஸைத் தவிர யாருக்கும் அதிகாரம் இல்லை. இரண்டாவது, துறை வகுக்கும் விதி. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரின் கணவன் அல்லது மனைவிக்கு (எச்-4 துணைவர்) 2015-இல் வந்த வேலை அனுமதி அப்படிப்பட்டது. மூன்றாவது, பிரெசிடெண்டின் ஆணை அல்லது நிர்வாக முடிவு. நான்காவது, உங்கள் ஃபைல் ஏதோ ஒரு மேஜையில் கிடப்பது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஆட்சி மாறினால் மாறும். சிறுவயதில் ஆவணமின்றி அழைத்துவரப்பட்டவர்களை நாடுகடத்தாமல் காக்கும் டாக்கா திட்டம் 2012 ஜூன் 15 அன்று நிர்வாக முடிவாக வந்தது. 2017-இல் அடுத்த ஆட்சி அதை ரத்து செய்தது. ரத்து செய்த முறை செல்லாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் டெக்சாஸ் வழக்கால் புதியவர்களுக்கு அது கிடைக்காமல் போனது. புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2025 செப்டம்பர் 19 அன்று வந்ததும் ஒரு பிரெசிடெண்ட் அறிவிக்கைதான். நிலைத்து நிற்கும் தீர்வு வேண்டுமென்றால் சட்டம் வேண்டும், சட்டத்துக்கு காங்கிரஸ் வேண்டும்.

ஒரு சட்டம் பாஸ் ஆக எத்தனை ஓட்டு வேணும்?

பிரதிநிதிகள் சபையில் எல்லாரும் இருந்தால் 218. செனட்டில் 51 போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அங்கே விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். இந்த முட்டுக்கட்டைக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். சிறுவயதில் ஆவணமின்றி வந்தவர்களுக்கு அந்தஸ்து தரும் ட்ரீம் மசோதா 2010 டிசம்பரில் கீழவையில், அதாவது பிரதிநிதிகள் சபையில், 216–198 என்று தேறி வந்தது. செனட்டில் ஆதரவு 55, எதிர்ப்பு 41. பெரும்பான்மை இருந்தும் ஐந்து ஓட்டுக் குறைவால் மசோதா விழுந்தது.

இரு அவைகளும் எழுத்து மாறாமல் ஒரே வாசகத்தை நிறைவேற்ற வேண்டும். ஒரு காங்கிரஸின் ஆயுள் இரண்டு ஆண்டு. இப்போதைய 119-ஆவது காங்கிரஸ் 2025 ஜனவரி 3-இல் தொடங்கியது, 2027 ஜனவரி 3-இல் முடிகிறது. அதற்குள் நிறைவேறாத மசோதா அப்படியே காலாவதி. அடுத்த அவையில் புது எண் வாங்கி, முதல் படியில் இருந்து ஏற வேண்டும். "போன தடவை கமிட்டி வரைக்கும் வந்துச்சே" என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

கடைசியா எப்பதான் உருப்படியா ஒரு சட்டம் வந்துச்சு?

நாடுவாரியான பழைய ஒதுக்கீட்டை 1965 சட்டம் ஒழித்தது. 1986 சட்டம் ஆவணமில்லாத சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. வேலைவழி கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கு 1,40,000 என்ற வரம்பையும், எச்-1பி-க்கு 65,000 என்ற வரம்பையும் 1990 சட்டம் வைத்தது. 1996 சட்டம் அமலாக்கத்தைக் கடுமையாக்கியது. அதன் பிறகு வந்த மாற்றங்கள் ஒட்டுப்போட்டவை. அடிப்படைக் கட்டுமானம் 1990-இல் நின்றுவிட்டது.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். உலகம் மாறியது, மென்பொருள் தொழில் வந்தது. சட்டத்தில் இருக்கும் எண்கள் மட்டும் இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பு எழுதியவை.

2013-ல செனட்ல பாஸ் ஆயிடுச்சுன்னு கொண்டாடினாங்களே, அது என்ன ஆச்சு?

எஸ்.744 என்ற அந்த மசோதாவை இரு கட்சிகளையும் சேர்ந்த எட்டு செனட்டர்கள் எழுதினார்கள். மெக்கெய்ன், கிரஹாம், ரூபியோ, ஃபிளேக் ஒரு பக்கம். ஷூமர், டர்பின், மெனண்டஸ், பென்னட் மறுபக்கம். 2013 ஜூன் 27 அன்று 68–32 என்று நிறைவேறியது. எல்லைக்குக் கூடுதல் காவல், எல்லா முதலாளிகளுக்கும் ஈ-வெரிஃபை (வேலைக்கு வருபவரின் அனுமதியைக் கணினியில் சரிபார்க்கும் முறை), ஆவணமில்லாதவர்களுக்கு நீண்ட வழி, வேலைவழி விசாக்களுக்கு நாட்டு வரம்பு நீக்கம் என எல்லாமே அதில் இருந்தன.

பிரதிநிதிகள் சபையில் அது தோற்கவில்லை. ஓட்டுக்கே வரவில்லை. எந்த மசோதா அவைக்கு வர வேண்டும் என்பது சபாநாயகர் தரப்பின் கையில் இருக்கிறது. தன் கட்சியின் பெரும்பான்மை விரும்பாததை அவைக்குக் கொண்டுவருவதில்லை என்ற வழக்கத்தை அன்றைய சபாநாயகர் பெய்னர் பிடித்துக்கொண்டார். 2006-இலும் இதே கதை. செனட் 62–36 என்று ஒரு மசோதாவையும், கீழவை அதற்கு நேர்மாறான ஒன்றையும் நிறைவேற்றின. இரண்டையும் இணைக்க ஒருவரும் உட்காரவில்லை. ஓட்டு போட்டுத் தோற்கடித்தால் யார் தோற்கடித்தார் என்று பெயர் பதிவாகும். ஓட்டுக்கே விடாவிட்டால் எந்த உறுப்பினரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

2024-ல எல்லைக்காக ரெண்டு கட்சியும் சேர்ந்து எழுதினதும் போச்சே, ஏன்?

லாங்க்ஃபோர்ட், மர்ஃபி, கிர்ஸ்டன் சினிமா என்ற மூன்று செனட்டர்கள் மாதக்கணக்கில் பேசி, 2024 பிப்ரவரி 4 அன்று வெளியிட்டார்கள். எல்லையில் ஏழு நாள் சராசரி நாளுக்கு 5,000 பேரைத் தாண்டினால் புகலிட விண்ணப்பங்களைக் கட்டாயமாக நிறுத்துவது அதன் மையம். மூன்றே நாளில் ஓட்டெடுப்பு நடந்து 49–50 என்று விழுந்தது. அப்போது வேட்பாளராக இருந்த டிரம்ப் வெளிப்படையாக எதிர்த்ததால் குடியரசுக் கட்சி ஆதரவு கரைந்தது. புகலிடக் கட்டுப்பாடு கடுமை என்று ஜனநாயகக் கட்சியிலும் சிலர் எதிர்த்தார்கள். மே மாதம் மறுபடி எடுத்தபோது 43–50.

தமிழ்க் குடும்பங்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதே மசோதாவில் எச்-1பி பெற்றோரின் பிள்ளைகள் 21 வயதில் அந்தஸ்து இழக்காமல் காக்கும் பிரிவும், எச்-4 துணைவருக்கு வேலை அனுமதியும், ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக 50,000 விசாவும் இருந்தன. எல்லைச் சண்டையில் இவையும் சேர்ந்து போயின. ஒரே மூட்டையாகக் கட்டுவதில் உள்ள ஆபத்து அது. ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத ஒரு பிரிவைக் காட்டி முழு மூட்டையையும் தள்ளிவிடலாம்.

அப்படின்னா அமலாக்கத்துக்கு மட்டும் பணம் எப்படி பாஸ் ஆகுது?

வரவு செலவு சம்பந்தப்பட்ட மசோதாவுக்கு ரிகன்சிலியேஷன் என்றொரு தனிப்பாதை உண்டு. அதில் 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் பட்ஜெட்டோடு நேரடித் தொடர்பு இல்லாத கொள்கை மாற்றத்தை அதில் நுழைக்கக் கூடாது. ஆவணமில்லாதவர்களுக்கு அந்தஸ்து தரும் பிரிவை 2021-இல் மூன்று வடிவங்களில் கொண்டுவந்தார்கள். செனட் விதி அதிகாரி மெக்டோனோ மூன்றையும் ஒதுக்கினார். பணம் ஒதுக்குவது மட்டும் பட்ஜெட் விஷயம் என்று சுலபமாகத் தேறிவிடுகிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இந்தப் பாதையில்தான் வந்தது. செனட்டில் 51–50, துணை அதிபரின் ஓட்டோடு. கீழவையில் 218–214. தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி டாலர், எல்லைச் சுவருக்கு 4,650 கோடி டாலர். குடியேற்ற நீதிமன்றங்களில் 30 லட்சத்துக்கும் மேல் வழக்கு தேங்கிக் கிடக்கிறது. அதே சட்டம் 2028 நவம்பரில் இருந்து குடியேற்ற நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அடைத்துவைக்க இடம் பெருகுகிறது, விசாரிக்க ஆள் பெருகவில்லை. கடுமையான அமலாக்கம் வேண்டும் என்பவர்களும் இந்தக் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டும்.

சட்டப்படி வந்து, வரி கட்டி, ஒழுங்கா இருக்கோம். எங்களுக்கு ஏன் இவ்வளவு பெரிய க்யூ?

கணக்குப் போட்டால் விளங்கும். வேலைவழி மொத்தம் 1,40,000. அதில் இபி-2 பிரிவுக்கு (மேல்படிப்பு படித்தவர்களுக்கான வேலைவழிப் பிரிவு) 28.6 சதவீதம், அதாவது 40,040. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால், இந்தியாவுக்கு அந்தப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 2,803. இது வேலைக்காரர் எண்ணிக்கை இல்லை. கணவன், மனைவி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என ஒவ்வொரு தலைக்கும் ஒன்று கழியும். மூன்று பேர் குடும்பமாக வைத்தால் ஆண்டுக்கு ஆயிரம் குடும்பம்கூடத் தேறாது. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் விட்டது வந்து சேரும் ஆண்டில் கொஞ்சம் நகரும்.

யார் முறை வந்தது என்று மாதாமாதம் சொல்லும் அரசு அறிவிப்புக்கு விசா புல்லட்டின் என்று பெயர். 2024 அக்டோபர் புல்லட்டினில் இந்திய இபி-2 தேதி 2012 ஜூலை 15-இல் நின்றது. அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே முறை வந்தது என்று பொருள். கொரோனாவில் தூதரகங்கள் மூடியதால் குடும்பவழி எண்கள் வேலைவழிக்கு வந்து குவிந்தன. அப்படியும் 2021 நிதியாண்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரீன் கார்டு எண்கள் செப்டம்பர் 30-க்குள் தீர்க்கப்படாமல் வீணாயின. அவற்றை மீட்டுத் தர ஒரு சின்னச் சட்டம் போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

7 சதவீத வரம்பை எடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? 365 ஓட்டு வாங்கின மசோதா ஒண்ணு இருந்துச்சே?

எச்.ஆர்.1044 அது. 2019 ஜூலை 10 அன்று கீழவையில் 365–65. செனட் அதைத் திருத்தி, 2020 டிசம்பர் 2 அன்று ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேற்றியது. ஆனால் இரு வாசகமும் வேறுவேறு. ஒன்றாக்குவதற்கு முன் அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்தது. முன்னே சொன்ன "எழுத்து மாறாமல்" என்ற நிபந்தனை கழுத்தை அறுத்தது இங்கேதான். 2022-இல் இதே நோக்கத்தோடு வந்த ஈகிள் மசோதா டிசம்பரில் அவை வரை வந்து, ஓட்டு தேறாது என்று திரும்பப் பெறப்பட்டது.

வரம்பை எடுத்தால் மட்டும் தீராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மொத்த எண் 1,40,000 என்றே இருந்தால் நம் காத்திருப்பு குறையும், இன்று காத்திருக்காத நாட்டவர் காத்திருக்கத் தொடங்குவார்கள். அவர்களின் எதிர்ப்பு அதனால்தான். மொத்தத்தைக் கூட்டுவதும், குடும்பத்தினரை எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுவதும் சேர்ந்து வந்தால்தான் யாரையும் தள்ளாமல் வரிசை கரையும்.

பிள்ளைக்கு 21 ஆகப்போகுது. அவளும் எங்ககூட கிரீன் கார்டு வாங்குவாளா, மாட்டாளா?

2002-இல் வந்த பிள்ளைகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கழிவு தருகிறது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதில் இருந்து, உங்களுக்காக முதலாளி போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) பரிசீலனையில் இருந்த நாட்களைக் கழிக்க வேண்டும். மனு 2014 மார்ச் 1-இல் போட்டு ஆகஸ்ட் 28-இல் ஒப்புதல் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கழிவு 180 நாள். தேதி வரும்போது அவளுக்கு 21 வயது 150 நாள் என்றால் 21-க்குக் கீழே இறங்கிவிடுவாள், சேரலாம். 21 வயது 200 நாள் என்றால் இருபது நாளில் தவறிப்போகும். எண் கிடைத்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும் நடவடிக்கையும் எடுத்திருக்க வேண்டும்.

ஐ-140-ஐ பிரீமியம் கட்டணம் கட்டி 15 வேலைநாளில் வாங்கியவர்களுக்குக் கழிக்க மூன்று வாரம்தான் இருக்கும். அதற்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய லேபர் சான்றிதழுக்குக் காத்திருந்த மாதங்கள் கணக்கில் சேராது. வேகமாக முடித்தவரின் பிள்ளை வெளியே போகிறது, தாமதமானவரின் பிள்ளை தப்பிக்கிறது. சட்டம் எழுதியபோது பதினைந்து ஆண்டு வரிசையை நினைக்காததால் வந்த அநியாயம் இது. விசா எண் கிடைத்த நாளாக விசா புல்லட்டினின் இரு அட்டவணைகளில் எதன் தேதியை எடுப்பது என்பதை மட்டும் துறையே மாற்றலாம். 2023 பிப்ரவரியில் சாதகமாக மாற்றினார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்குப் பழைய, கடுமையான தேதிக்கே திரும்பிவிட்டார்கள். 20 வயது முடியும் முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

பேப்பர் இல்லாம இருக்கறவங்க ஊருக்குப் போயிட்டு முறையா வரிசையில நின்னு வரலாம்ல?

பெரும்பாலானவர்களுக்கு வரிசையே இல்லை. பட்டமில்லாத வேலைக்கு, நெருங்கிய உறவு இல்லாதவருக்கு, நிரந்தரமாக வரும் வழி மிகக் குறைவு. மேலும் 1996 சட்டப்படி, 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு தடை. ஓராண்டு அல்லது அதற்கு மேல் இருந்திருந்தால் பத்து ஆண்டு. "போய்ட்டு வா" என்று சட்டம் சொல்வதாக நினைக்கிறோம். போனால் வர முடியாது என்பதே சட்டம்.

ரெஜிஸ்ட்ரி என்ற பழைய கதவு ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன் வந்து, தொடர்ந்து வாழ்ந்து, நன்னடத்தையோடு இருந்தால் கிரீன் கார்டு கேட்கலாம். 1929-இல் தொடங்கி அந்தத் தேதியைக் காங்கிரஸ் பல முறை முன்நகர்த்தியது. கடைசியாக நகர்த்தியது 1986-இல். அன்று வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றும் அதே. ஒரு வரியில் ஒரு ஆண்டை மாற்றினால் போதும், புதுத் திட்டமே வேண்டாம்.

1986-ல மன்னிச்சு விட்டாங்க. அப்புறமும் கோடிக்கணக்குல வந்துட்டாங்களே. மறுபடி ஏன் நம்பணும்?

அமலாக்கம் வேண்டும் என்பவர்களின் இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அன்று பேசிய பேரம் இரண்டு பாதி கொண்டது. இருப்பவர்களுக்கு அந்தஸ்து ஒரு பாதி, இனி ஆவணமில்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை இன்னொரு பாதி. முதல் பாதி நடந்தது. இரண்டாவதில், வேலைக்கு வருபவரின் ஆவணத்தை முதலாளி பார்த்து நிரப்பும் ஐ-9 படிவம் வந்தது. பார்வைக்கு அசலாகத் தெரியும் ஆவணத்தை முதலாளி ஏற்றால் போதும் என்று எழுதினார்கள். போலி அட்டைச் சந்தை முளைத்தது. தெரிந்தே வேலை கொடுத்தார் என்று நிரூபிப்பது கடினமானது.

இன்னொரு குறையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வருங்காலத்தில் தேவைப்படும் கூலி வேலைக்கு முறையான விசா எதையும் போதிய அளவு வைக்கவில்லை. வேலை இருந்தது, வாசல் இல்லை. தடுப்பு மட்டும், அல்லது மன்னிப்பு மட்டும் என்று எது செய்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

ஈ-வெரிஃபையை எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கிட்டா வேலை கிடைக்காது, வரவே மாட்டாங்கல்ல?

அரிசோனா 2008-இல் கட்டாயமாக்கியது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. தேசிய அளவில் கட்டாயமில்லை. 2023 மே 11 அன்று 219–213 என்று கீழவை நிறைவேற்றிய எச்.ஆர்.2-இல் இந்தப் பிரிவு இருந்தது. செனட் எடுக்கவில்லை. இன்னொருவரின் உண்மையான பெயரும் எண்ணும் கொடுத்தால் கணினி "சரி" என்றே சொல்லும் என்பது இதன் பலவீனம்.

அரசியல் தடங்கல் வயலில் இருக்கிறது. பயிர் வேலை செய்வோரில் ஐந்தில் இரண்டு பங்கு ஆவணமில்லாதவர் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆய்வே சொல்கிறது. வெளிநாட்டு விவசாயத் தொழிலாளருக்கான எச்-2ஏ விசா பருவகால வேலைக்குத்தான். வருடம் முழுதும் பால் கறக்கும் பண்ணைக்குக் கிடைக்காது. மாடு பருவம் பார்த்துப் பால் கொடுப்பதில்லை. பண்ணைத் தொழிலாளர் மசோதாவைக் கீழவை 2019-இலும் 2021-இலும் நிறைவேற்றியது. செனட் கிடப்பில் போட்டது. மேடையில் அமலாக்கம் பேசும் உறுப்பினர் தன் தொகுதிப் பண்ணைக்காரரிடம் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

எச்-1பி-ல இருக்கோம், ஓட்டு இல்லை. காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸுக்குக் கூப்பிட்டா மதிப்பாங்களா? ஏதாவது சிக்கல் வருமா?

தாராளமாகக் கூப்பிடலாம். காங்கிரஸ் மாவட்டங்கள், அதாவது தொகுதிகள், குடிமக்களை மட்டுமல்ல, வசிக்கும் எல்லாரையும் எண்ணித்தான் பிரிக்கப்படுகின்றன. உங்கள் அஞ்சல் எண்ணைத்தான் கேட்பார்கள், விசாவைக் கேட்கும் வழக்கம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் எந்தத் தேர்தல் நிதிக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் கொடுக்கலாம். சம்பளம் வாங்காமல் தன்னார்வமாகப் பிரச்சார வேலை செய்ய இருவருக்கும் தடையில்லை. ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டுமே. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது திரையில் "வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா" என்று வரும். அவசரத்தில் "ஆம்" அழுத்தி, குடிமகன் என்ற கட்டத்தையும் தட்டிவிட்டுப் பிறகு நாடுகடத்தல் வரை போகலாம். அந்தத் திரையில் நின்று, படித்து, "இல்லை" என்று அழுத்துங்கள்.

சரி, போன் பண்ணா என்ன பேசணும்?

காங்கிரஸ் பொது எண் 202-224-3121. அஞ்சல் எண் சொன்னால் உங்கள் உறுப்பினருக்கு இணைப்பார்கள். ஒரு பிரதிநிதி, இரண்டு செனட்டர், ஆக மூன்று அழைப்பு. எடுப்பவர் இளம் உதவியாளர். மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா, அஞ்சல் எண் மூன்றையும் குறித்து வைப்பார். அந்தக் கணக்கு மேலே போகும். ஒரு நிமிடம் போதும்: "நான் இந்த அஞ்சல் எண்ணில் ஒன்பது ஆண்டாக வசிக்கிறேன். இன்ன எண்ணுள்ள மசோதாவுக்கு உறுப்பினர் இணை முன்மொழிபவராகச் சேர வேண்டும். என் மகளுக்கு அடுத்த மார்ச்சில் 21 ஆகிறது. எழுத்தில் பதில் வேண்டும்."

ஒரு அழைப்பில் ஒரே கோரிக்கை. "குடியேற்றத்தைச் சரிசெய்யுங்கள்" என்றால் குறிக்க இடம் இருக்காது. தபால் கடிதம் வாஷிங்டனுக்கு அனுப்பினால் 2001-க்குப் பின் வந்த பாதுகாப்புச் சோதனையால் தாமதமாகும். இணையப் படிவமும் மாவட்ட அலுவலகமும் மேல். ஆகஸ்டில் அவை விடுமுறை. அப்போது ஊரில் நடக்கும் பொதுக் கூட்டத்தில் நேரில் கேட்பதற்கு உள்ள பலம் போனுக்கு இல்லை.

போன வருஷமே கூப்பிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ஒரு லெட்டர், அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் வினைச்சொல்லைத் தேடுங்கள். "அக்கறை கொள்கிறேன்", "கவனத்தில் வைப்பேன்" என்றால் ஒன்றும் செய்யவில்லை. காங்கிரஸ்.காவ் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் இணை முன்மொழிந்தவர் பட்டியல் தேதியோடு வரும். செனட்டர் என்றால் இறுதி ஓட்டை மட்டும் பார்க்காதீர்கள். விவாதத்தை முடிக்கும் 60 ஓட்டில் எந்தப் பக்கம் நின்றார் என்று பாருங்கள்.

கீழவையில் கடைசி ஆயுதம் டிஸ்சார்ஜ் பெட்டிஷன். கமிட்டியில் முடங்கிய மசோதாவை 218 பேர் கையெழுத்திட்டால் சபாநாயகரை மீறி அவைக்கு இழுக்கலாம். கையெழுத்துப் பட்டியல் பகிரங்கம். 2018-இல் டாக்கா இளைஞர்களுக்காக 216 வரை வந்தது. இரண்டு கையெழுத்து குறைந்தது. மசோதாவுக்கு ஆதரவு என்று சொல்லிவிட்டுப் பெட்டிஷனில் கையெழுத்திடாதவரிடம் அடுத்த அழைப்பில் அதை மட்டும் கேளுங்கள்.

என் ஃபைல் தூங்குது. காங்கிரஸ் ஆபீஸ் மூலமா தள்ள முடியுமா?

முதல் கேள்வியில் சொன்ன நான்காவது வகை இது. இதில் அவர்களால் நிஜமாகவே உதவ முடியும். மாவட்ட அலுவலகத்தில் கேஸ்வொர்க்கர் இருப்பார். 1974 அந்தரங்கச் சட்டப்படி உங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் அவர் விசாரிக்க முடியாது. படிவத்தோடு மூன்று எழுத்தும் பத்து எண்ணும் கொண்ட ரசீது எண், வழக்கமான கால அளவைத் தாண்டியதற்கான சான்று, ஒரு பக்கச் சுருக்கம் கொடுங்கள். கடுமையான நிதி இழப்பு, மருத்துவ அவசரம் போன்றவற்றில் விரைவுபடுத்தும் கோரிக்கைக்கும் துணை நிற்பார்கள். பிரயாரிட்டி டேட்டை (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) நகர்த்த யாராலும் முடியாது. அது சட்டத்தில் உள்ள எண். அலுவலக விசாரணைக்கும் அசையாவிட்டால் முடிவெடுக்கும்படி துறைக்கு உத்தரவிடக் கோரும் மேண்டமஸ் மனு என்ற நீதிமன்ற வழி உண்டு.

தெரிஞ்சவரை ஐஸ் புடிச்சிட்டாங்க. எங்க இருக்கார்னே தெரியலை. முதல்ல என்ன செய்யறது?

முதலில் வழக்கறிஞர். குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு இலவச வழக்கறிஞர் தராது. ஐஸ் என்ற குடியேற்ற அமலாக்கத் துறையின் தளத்தில் தடுப்புக்காவல் தேடல் பக்கம் இருக்கிறது. ஏ-எண்ணும் (குடியேற்றத் துறை ஒருவருக்குத் தரும் பதிவு எண்) பிறந்த நாடும் போட்டால் வரும். ஏ-எண் தெரியாவிட்டால் பெயர், நாடு. தமிழ்ப் பெயர்களில் இங்கேதான் தடுமாற்றம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யூ" (முதற்பெயர் தெரியவில்லை) என்று பதிவாகியிருக்கும். அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கலாம். முன்பின் மாற்றி, இனிஷியலை விரித்து, எல்லா வடிவத்திலும் தேடுங்கள். காங்கிரஸ் அலுவலகமும் இடத்தையும் மருத்துவ நிலையையும் கேட்டுச் சொல்லலாம். அதற்கும் காவலில் இருப்பவரின் கையெழுத்து கேட்பார்கள் என்பதால், ஒப்புதல் படிவத்தை முன்பே நிரப்பி வீட்டில் வைத்திருப்பது நல்லது.

நம்ம ஊர் எம்.பி. டெல்லியில பேசினா ஏதாவது நடக்குமா?

கிரீன் கார்டு எண்ணில் நடக்காது. அது அமெரிக்கச் சட்டம். இரு அரசுகள் பேசி முடிக்கக்கூடியது வேறு ஒன்று: சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே அது இல்லாததால், எச்-1பி-யில் சில ஆண்டுகள் வரி கட்டி, பத்து ஆண்டுக் கணக்கு நிறையாமல் திரும்புபவர் அந்தப் பணத்தில் ஓய்வூதியம் பெற முடிவதில்லை. எம்.பி.யிடம் அதைக் கேளுங்கள்.

சிட்டிசன் ஆயிட்டேன். ஆனா எங்க ஏரியால எப்பவும் ஒரே கட்சிதான் ஜெயிக்கும். என் ஓட்டால என்ன ஆகப்போகுது?

அப்படிப்பட்ட தொகுதியில் உண்மையான போட்டி நவம்பர் பொதுத் தேர்தலில் இல்லை, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில். 2014 ஜூன் 10 அன்று கீழவைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேண்டர், வர்ஜீனியாவில் தன் கட்சிப் பிரைமரியிலேயே தோற்றார். குடியேற்றத்தில் மென்மை காட்டுகிறார் என்பது எதிராளியின் முக்கியப் பிரச்சாரம். மொத்தம் பதிவானது சுமார் 65,000 ஓட்டு. அத்தோடு 2013 மசோதாவைக் கீழவையில் எடுக்கும் பேச்சு அடங்கிவிட்டது. சிறு கூட்டம் கோடிக்கணக்கானவர்களின் கதவைச் சாத்தியது என்றால், திறப்பதற்கும் அந்த அளவு ஆள் போதும்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் வாக்காளராகப் பதிய வேண்டும், ஒரு நாள் முன்பும் கூடாது. உங்கள் மாநிலப் பிரைமரி மூடிய வகையா என்று தேர்தல் அலுவலகத் தளத்தில் பாருங்கள். மூடியது என்றால் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே ஓட்டு போடலாம், கட்சி மாற்றக் கடைசித் தேதி பிரைமரிக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும் மாநிலங்களும் உண்டு. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் உங்கள் நிலையைக் குடிமகன் என்று மாற்றிவிடுங்கள். அங்கே பழைய நிலையே இருந்தால் வாக்காளர் சரிபார்ப்பில் உங்கள் பெயர் நிறுத்தி வைக்கப்படலாம்.